குமிழி வராத ஓட்டை

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். சூடம் மட்டும் கேட்கிறவர் வாங்கி வர வேண்டும்.

மாரப்பனுக்கு அதியமான்கோட்டையில் நாலுவழிச் சாலை ஓரம் பஞ்சர் கடை. முப்பத்தோரு வருஷமாக அதே இடம். சாலையை இரண்டு தடவை அகலப்படுத்தியபோதும் கடை நகரவில்லை. சாலைதான் லேசாக வளைந்துகொடுத்துப் போயிற்று. சேலம் பக்கமிருந்து லாரி வரும்போதே, பின்சக்கரம் உள்பக்கத்து டயரில் நாலு பாயிண்ட் காற்று கம்மி என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவான். ஒரு நாள் தலைக்கு மேலே போன ஏரோப்ளேனைப் பார்த்து, "முன் வீலுக்குப் பத்தாதே" என்றான். அது இறங்கின இடத்தில் என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆகையால் அவன் சொன்னது தப்பென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

இந்தத் தொழிலில் அவனுக்கு ஒரே ஒரு வேதம். டியூபில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கு. குமிழி வந்தால் ஓட்டை. வராவிட்டால் ஓட்டை இல்லை. மனுஷர் சொல்வதில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. நேற்றுதான் புது டியூப் போட்டேன் என்பார்கள், ஆணியே ஏறவில்லை என்பார்கள். தொட்டியில் அமுக்கினால் உண்மை பொலபொலவென்று மேலே வந்துவிடும்.

அவனுக்கு ஒரே பெண், சுசித்ரா. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். போன வைகாசியில் மொரப்பூர்ப் பக்கம் இளம்பரிதி என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. திங்கட்கிழமை விடியற்காலையில் போனால் சனிக்கிழமைதான் வீட்டுப் பக்கம் தலை காட்டுவான். வீட்டில் அவன் அம்மா தெரசா மட்டும். மாரப்பன் வீட்டில் முனியப்பனைக் கும்பிடுவார்கள், மாப்பிள்ளை வீட்டில் மாதாவை. சொந்தபந்தத்தில் இரண்டு வகையும் கலந்தே இருந்ததால் அதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் இத்தனை அவதி இருந்திருக்காது.

கல்யாணத்துக்குத் தண்ணீர் பாட்டில் அடித்தார்கள். இப்போது எல்லாரும் செய்வதுதான். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற சின்ன பாட்டில், அதைச் சுற்றி ஸ்டிக்கர், ஒரு பக்கம் பெண் படம், மறுபக்கம் மாப்பிள்ளை படம், நடுவில் இரண்டு புறா. முப்பது பெட்டி வந்திறங்கிற்று. ஆனால் முகூர்த்தத்தன்று மழை பிடித்துக்கொண்டது. அது சும்மா மழை இல்லை. பந்தல் ஒழுகி, இலையில் ஊற்றின ரசம் குறையவே மாட்டேனென்றது. அரூர்க்காரர் ஒருவர் ஒரே கரண்டி ரசத்தை நாற்பது நிமிஷம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கை ஓய்ந்து எழுந்து போனார். அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் யாருக்கு வேண்டும்? பத்துப் பெட்டி மிஞ்சிவிட்டது. இரண்டை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துப்போனார்கள். எட்டு, மாரப்பன் வீட்டுக்கு வந்தது.

குடித்துத் தீர்த்துவிடலாம். ஆனால் குடித்தபின் காலி பாட்டிலை எறிய வேண்டுமே? பெற்ற பெண்ணின் முகத்தை எப்படிக் குப்பையில் எறிவது? நாய் கவ்வும், லாரி ஏறும்.

"கடைக்கு வர்றவங்களுக்குக் குடுத்துடு மாரப்பா" என்றான் கிருஷ்ணப்பன். பஞ்சர் கடையை ஒட்டி டீக்கடை வைத்திருப்பவன்.

"எவனோ ஒரு டிரைவரு எம்பொண்ணு மூஞ்சிய நெறிச்சுப் புடிச்சுத் தண்ணி குடிக்கறதா?" என்று கேட்டாள் மாரப்பனின் பெண்டாட்டி சென்னம்மாள். அவள் கேட்டால் அது கேள்வி இல்லை, தீர்ப்பு. எட்டுப் பெட்டியும், கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டின் பரண்மேல் ஏறின.

பரணுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அங்கே சூடு எப்படிப்பட்டது என்றால், சென்னம்மாள் ஒளித்து வைத்து மறந்துபோன ஆறு முட்டையில் நாலு குஞ்சு பொரிந்து, தாங்களாகவே ஏணி வழியாக இறங்கி வந்தன. அடைகாக்காத குஞ்சுகளைத் தாய்க்கோழி கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை. புரட்டாசி மத்தியானங்களில் பரணில் டொக், டொக் என்று சத்தம் வரும். பிளாஸ்டிக் சூட்டில் உப்பி மறுபடி அமுங்குகிற சத்தம். ஒரு நாள் கேட்ட சத்தத்துக்கு ஓசூர் பஸ் ஒன்று டயர் வெடித்ததென்று சாலையோரம் நின்றேவிட்டது. டிரைவர் ஆறு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாரப்பனுக்கு அன்று வியாபாரம் நன்றாக இருந்தது.

மார்கழியில் குளிர் இறங்கியது. பழம்புளி எடுக்கப் பரணேறிய சென்னம்மாள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, தா இங்க வந்து பாருங்க."

"என்னா புள்ள, எலியா?"

"வந்துதான் பாருங்களேன்."

அவள் கையில் ஒரு பாட்டில் இருந்தது. மூடி திறக்கவில்லை, சீல் உடையவில்லை. ஆனால் பாட்டில் இளைத்திருந்தது. பக்கமெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, நோயாளியின் விலா மாதிரி மடிப்பு விழுந்திருந்தது. கழுத்துவரை நின்ற தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பள்ளம் சரியாக ஸ்டிக்கரின் பெண் பக்கத்தில் விழுந்ததில், சுசித்ராவின் கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், கண் குழிக்குள் போயிருந்தது. சிரிப்பு மட்டும் கல்யாணத்தன்று சிரித்த சிரிப்பாகவே இருந்தது. அதுதான் பார்க்க முடியவில்லை.

மாரப்பன் பாட்டிலைக் கடைக்கு எடுத்துப்போய்த் தொட்டியில் அமுக்கினான். குமிழி இல்லை. தலைகீழாக அமுக்கினான். குமிழி இல்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான், மூடியைச் சுற்றி எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான். இன்னும் ஒன்பது பாட்டில் கொண்டுவந்து அமுக்கினான். அத்தனையும் இளைத்திருந்தன. ஒன்றிலும் ஓட்டை இல்லை.

கிருஷ்ணப்பன் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னாத்துக்குடா பாட்டிலுக்கு பஞ்சர் பாக்கற?"

"தண்ணி கொறையுது. ஓட்டை இல்ல. மூடியும் தெறக்கல."

கிருஷ்ணப்பன் பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தான். "வெளிய போவலன்னா, உள்ளருந்துதான் யாரோ குடிக்கறாங்க."

"உள்ள யார்ரா இருக்கா?"

கிருஷ்ணப்பன் ஸ்டிக்கரைச் சுட்டு விரலால் தட்டிக் காட்டிவிட்டு, தானே ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டான். அவன் அன்றைக்குள் அதை மறந்தும் போனான். மாரப்பனுக்கு அந்த விரல் நெஞ்சில் ஆணியாக ஏறிவிட்டது.

பெண்ணுக்குத் தாகம். அவளுக்கு யாரோ தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அவள் இங்கிருந்து குடித்துக்கொண்டிருக்கிறாள். எண்ணம் ஒரு தடவை அப்படி உட்கார்ந்துவிட்டதென்றால் அதற்கு அப்புறம் எல்லாமே சாட்சிதான். அன்று சாயங்காலமே ஃபோன் போட்டான்.

"சாப்ட்டியா பாப்பா?"

"சாப்ட்டேன்ப்பா."

"தண்ணி குடிச்சியா?"

"என்னப்பா கேக்கற?"

"குடிச்சியான்னு கேட்டேன்."

"குடிச்சேன்ப்பா. நல்லா இருக்கேன்ப்பா."

மறுநாளும் அதைத்தான் கேட்டான், அதற்கு மறுநாளும். "நல்லா இருக்கேன்ப்பா" என்பது நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வருவதாக அவனுக்குப் பட்டது. சொல்லுகிறவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வது போல இருந்தது. ஒரு நூலை எடுத்துப் பாட்டில் இடுப்பைத் தினமும் அளந்து, நூலில் முடிச்சுப் போட்டு வைத்தான். முடிச்சுகள் ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டே போயின. அவனுக்கும் சோறு இறங்கவில்லை. லாரி டயரில் கார் டயர் அளவுக்குக் காற்றடித்து அனுப்பியதில், அது பாதி வழியிலிருந்து தள்ளாடிக்கொண்டு திரும்பி வந்தது.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதானே என்று கேட்கலாம். சென்னம்மாளும் கேட்டாள். அங்கேதான் சிக்கல். காரணமில்லாமல் சம்பந்தி வீட்டு வாசலை மிதிப்பது மாரப்பனுக்குப் பழக்கமில்லை. பெண்ணைக் கொடுத்தவன் பண்டிகைக்குச் சீர்த்தட்டோடு போகலாம், இல்லை பண்டிகைக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்கலாம். ஆனால் எந்தப் பண்டிகை? ஆடிக்கு அழைத்தால் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஆடியை விட்டான். தீபாவளிக்கு அழைத்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று தீபாவளியை விட்டான். கிறிஸ்துமஸுக்குப் போய் நின்றால் கூப்பிடாத வீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிடும் என்று அதையும் விட்டான். மரியாதை பார்த்துப் பார்த்து எட்டு மாசம் ஓடிவிட்டது. பாட்டிலை அவன் நாளைக்கு மூன்று தடவை பார்த்தான். மகளைக் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

தை மாசம் இரண்டாவது வாரம் ஒரு பாட்டில் மிகவும் இளைத்து, அட்டைப் பெட்டியின் பக்கத்தில் கைவிட்டுத் தூக்குவதற்காக இருக்கிற ஓட்டை வழியே தானாக வெளியே வந்து பரணில் கிடந்தது. அதைப் பார்த்த அன்று மாரப்பன் கடையைச் சாத்தினான்.

"ஞாயித்துக்கிழமை போயி பாப்பாவக் கூட்டியாந்துடறேன்."

சென்னம்மாள் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "கூட்டியாந்துட்டா அப்பறம் திருப்பி அனுப்பறது லேசு இல்லீங்க. அந்தம்மா சும்மா இருப்பாங்களா? மாப்பிள்ளைக்கு மனசு வுட்டுப்போச்சுன்னா? அவ வாழ்க்கையே நின்னுபோயிடும்."

"தாகத்துல கெடக்கறவள வுட்டுட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?"

"பாட்டிலப் பாத்து ஒரு குடும்பத்த முறிக்கப் போறீங்க."

"குமிழி வரல புள்ள. நானா சொல்றேன்? தொட்டி சொல்லுது."

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். அவளும் பரணில் அந்த முகத்தைப் பார்த்தவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மோசமாக இளைத்த பாட்டிலை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். டிக்கெட் கிழித்த கண்டக்டர் பையை எட்டிப் பார்த்தார்.

"எத்தன பேரு?"

"ஒருத்தன்."

"பையில ரெண்டு பேரு இருக்காங்களே?"

பின்சீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். மாரப்பன் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மொரப்பூர் வரும்வரை பாட்டில் மடியில் இருந்தது, அவனுக்கு அது பாட்டிலாகவே தோன்றவில்லை. சின்ன வயதில் காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கனம்தான் இருந்தது.

வாசலில் தெரசா. "வாங்கண்ணா" என்ற குரலில் அழைப்பைவிடக் கேள்வி அதிகமாக இருந்தது. இளம்பரிதி எழுந்து, "வாங்க மாமா, ஒரு ஃபோன் பண்ணியிருந்தா ஸ்டேண்டுக்கு வந்திருப்பேனே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். உள்ளேயிருந்து சுசித்ரா வந்தாள்.

இளைத்துத்தான் இருந்தாள்.

அதை யாரும் மாரப்பனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரோப்ளேனுக்கே சொன்னவன். கன்னம் வற்றியிருந்தது, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. பாட்டிலில் பார்த்த அந்தச் சிரிப்பை அப்படியே சிரித்துக்கொண்டு, செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீ மொதல்ல குடி" என்றான் மாரப்பன்.

"எனக்கு எதுக்குப்பா?"

"குடி பாப்பா. அப்பன் முன்னாடி குடி."

அவள் புருஷனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், ஒரு மடக்குக் குடித்தாள். மாரப்பன் அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தான். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்து டீப்பாய்மேல் நிறுத்தினான். அது நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்தது.

"இதுக்கு என்ன சொல்றீங்க சம்பந்தியம்மா?"

தெரசாவின் முகம் மாறிற்று. விறுவிறுவென்று உள்ளே போனாள். மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அதற்கு எதிரே டக்கென்று வைத்தாள். அதுவும் இளைத்திருந்தது. ஆனால் அதில் பள்ளம் விழுந்திருந்தது மாப்பிள்ளை பக்கத்தில். இளம்பரிதியின் மீசை ஒரு முனை காதைத் தொட, தாடை காணாமல் போயிருந்தது.

"நீங்க இதுக்கு என்ன சொல்றீங்கண்ணா? எம்மவன் வாராவாரம் எளைச்சுக்கிட்டு வர்றான். என்னமோ மனசுல வெச்சுக்கிட்டு இவ சரியா மொகங்குடுத்துப் பேசறதில்ல போலருக்குதுன்னு நான் யாருகிட்டச் சொல்லி அழுவேன்? மாதாகிட்டதான் வெச்சு செபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"எம்பொண்ணு மொகங்குடுக்கலையா? அவளுக்கு ஒரு வாய் தண்ணி இல்லாம..."

"தண்ணியா? தீவாளிக்குக் கூப்புடுவீங்கன்னு புதுச்சேலை எடுத்து வெச்சுக்கிட்டு மூணு நாளு வாசலப் பாத்து உக்காந்திருந்தா உங்க பொண்ணு. எட்டு மாசமா எட்டிப் பாக்காத மனுசன் இப்ப தண்ணி பத்திப் பேச வந்துட்டீங்களா?"

மாரப்பன் மஞ்சள் பையைக் கையில் சுருட்டினான். "தீவாளிக்குக் கூப்புட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"சங்கடம்னு நான் சொன்னனா?"

"கிறிஸ்துமஸுக்கு நீங்களாச்சும் ஒரு வார்த்த..."

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு வுட்டோம்."

இந்த இடத்தில் மாரப்பன் தணிந்திருக்கலாம். ஆனால் தப்புத் தன்னுடையது என்று பாதி தெரிந்தவனுக்குத்தான் குரல் பெரிதாகும். அவன் எழுந்துவிட்டான்.

"பைய எடு பாப்பா. கெளம்பு."

"மாமா, என்ன பேசறீங்க?" இளம்பரிதியும் எழுந்துவிட்டான். "இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா..."

"போனா என்ன? போனா என்னங்க மாப்பிள்ளை?"

இளம்பரிதி வாக்கியத்தை முடிக்கவில்லை. தெரசா மாதா படத்தைப் பார்த்தாள். அந்த முடியாத வாக்கியம் வாசற்கதவு மாதிரி திறந்து நின்றது. அதை ஒருதரம் தாண்டினால் திரும்புவது கஷ்டம் என்று நாலு பேருக்கும் தெரிந்திருந்தது.

சுசித்ராதான் பேசினாள். பாட்டிலைக் கையில் எடுத்துத் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதையாப்பா பாத்துட்டு வந்த?"

"தொட்டில அமுக்கிப் பாத்தேன் பாப்பா. ஓட்டை இல்ல. ஆனா தண்ணி கொறையுது."

"அதான் தெனம் தண்ணி குடிச்சியான்னு கேட்டியா? உனக்குத்தான் தலைல என்னமோ ஆயிடுச்சுன்னு நான் பயந்துகிட்டு இருந்தேன்." அவள் உதட்டோரம் துடித்தது சிரிப்புக்கா என்று தெரியவில்லை. "சரி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. கடைக்கு ஒருத்தரு வண்டியத் தள்ளிக்கிட்டு வர்றாரு. ஆறு மாசம் ஷெட்டுல நின்ன வண்டி. ரெண்டு டயரும் உக்காந்துடுச்சு. தொட்டில அமுக்கற, குமிழி வரல. அவருகிட்ட என்ன சொல்லுவ?"

பள்ளிக்கூடம் விட்டு வந்து பத்து வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவள். அவளுக்குப் பதில் தெரியும். மாரப்பனின் வாய் தானாகத் திறந்தது.

"பஞ்சர் ஒண்ணும் இல்லீங்க. நிக்கிற வண்டில காத்து எறங்கத்தான் செய்யும். ரப்பரே கொஞ்சங்கொஞ்சமா வுட்டுடும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. முப்பத்தோரு வருஷமாக ஊர்க்காரர்களுக்கு அவன் சொல்லிவந்த பதில். ஒரு தடவைகூட அவனுக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

"இதுவும் அதேதான்ப்பா. பாட்டிலு கண்ணுக்கு கெட்டியாத் தெரியுது. ஆனா இந்த பிளாஸ்டிக் வழியா தண்ணி ஆவியாப் போயிக்கிட்டேதான் இருக்கும். ரொம்ப மெதுவா. மாசக்கணக்குல. தொட்டில அமுக்கினா குமிழி வராது. நம்ம பரணுச் சூட்டுக்கு இன்னும் வேகமாப் போவும். உள்ள கொறைஞ்சா அந்த எடத்துக்குக் காத்து வரணுமில்ல? மூடி சீலு வெச்சிருக்குது, காத்து அத்தனை சுலுவா வராது. வெளிய இருக்கற காத்து சுத்தி நின்னு அமுக்குது, பாட்டிலு தகடு மாதிரி மெல்லிசு, உள்ள போயிடுது. பனிக்குளிருக்கு உள்ள இருக்கற கொஞ்சக் காத்தும் சுருங்கும். ஸ்டிக்கர்ல யாரு மூஞ்சி இருந்தா அதுக்கென்ன தெரியும்?"

தெரசா தன் மகன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப செபத்துல எதுவும் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாரப்பன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு மாசத்துப் பாரம் இறங்க வேண்டும், இறங்கவில்லை. எதிரே நிற்கிற முகம் ஸ்டிக்கர் இல்லை.

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லையே பாப்பா?"

"இல்லப்பா. யாரும் அடிக்கல, திட்டல. அத்தை ஒரு கிளாஸ்கூட என்னைக் கழுவ வுடறதில்ல. நான் எந்திரிக்கறதுக்குள்ள வாசத் தெளிச்சு, சோறு ஆக்கி, எல்லாம் முடிச்சிடறாங்க. அவரு சனிக்கிழமை வராரு, தூங்கறாரு, திங்கக்கிழமை போறாரு. ஓட்டையெல்லாம் எங்கயும் இல்ல." அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "ஆனா எறங்கிக்கிட்டுத்தான் இருக்குது."

தெரசாவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள் வேறொன்றும் இருந்தது. "நான் என்ன கொறை வெச்சேன்? வந்த புள்ள கஷ்டப்படக் கூடாதுன்னுதானே எல்லாத்தையும் நானே..."

"கொறையே வெக்கலீங்க அத்தை. அதான் என்ன பண்றதுன்னே தெரியல. லேப் வேலைய வுடச் சொல்லி யாரும் சொல்லல. வேலைக்குப் போன்னும் யாரும் சொல்லல. நானும் கேக்கல. அப்படியே நிக்கறேன்."

இளம்பரிதி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலும் மீசை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது போலத்தான் இருந்தது.

"வூட்டுக்கு வந்துடறியா?" என்று கேட்டான் மாரப்பன். காலையில் உத்தரவாகக் கொண்டுவந்தது இப்போது கெஞ்சலாக வெளியே வந்தது.

அவள் பாட்டிலை மறுபடி கையில் எடுத்தாள். அந்த நேரத்தில் மாரப்பனுக்கு எதுவும் தெரியவில்லை, எதை வேண்டிக்கொள்வது என்றுகூட.

"வேணாம்ப்பா. அங்க வந்தாலும் பரணுமேலதான் வெப்பீங்க."

சொல்லிவிட்டு அவள் மூடியைத் திருகினாள். எட்டுப் பெட்டி, ஒரு மாசம், அளந்தான், அமுக்கினான், நூலில் முடிச்சுப் போட்டான், ஆனால் ஒரு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மாரப்பனுக்குத் தோன்றியதே இல்லை. சீல் உடைந்தது. ஸ்ஸ் என்று பாட்டில் ஒரு மூச்சு இழுத்தது. டொக்கென்று பக்கங்கள் எழும்பின, கன்னம் நிறைந்தது, கண் மேலே வந்தது. சிரிப்பு இப்போதுதான் முகத்தோடு பொருந்தியது.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "வெயில் வாசம் அடிக்குதுப்பா."

தெரசா தன் பாட்டிலின் மூடியில் கை வைத்தாள். திறக்கவில்லை. எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பரிமாறும்போது கரண்டியைச் சுசித்ராவிடம் கொடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வீட்டில் தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அது மன்னித்த மௌனமா, மனசில் வைத்துக்கொண்ட மௌனமா என்று மாரப்பனால் சொல்ல முடியவில்லை. அவளை எந்தத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது?

பஸ் ஸ்டாப்வரை இளம்பரிதி வண்டியில் கொண்டுவந்து விட்டான். வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்.

"நாளைக்கு லீவு போடறேன் மாமா. அரூர்ல ரெண்டு லேப் இருக்குது. கூட்டிட்டுப் போயி கேட்டுப் பாக்கறேன். கெடைக்குமான்னு தெரியாது."

"அம்மா என்ன சொல்வாங்க?"

"தெரியாது மாமா." அவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டான். "நீங்க வர்ற ஞாயித்துக்கிழமையும் வாங்க. சீரு கீருன்னு எதையும் தூக்கிட்டு வராதீங்க. சும்மா வாங்க."

மாரப்பன் தலையை ஆட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் வண்டியின் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். ரெண்டு பாயிண்ட் குறைந்திருந்தது. சொல்லவில்லை. அடுத்த வாரம் வரும்போது பம்பு எடுத்துவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அதுவாவது ஒரு காரணம் ஆகட்டும்.

வீடு வந்ததும் பரணிலிருந்து எட்டுப் பெட்டியையும் இறக்கினான். "என்னாச்சுங்க, பாப்பா எங்க?" என்று வாசலுக்கும் அவனுக்குமாகப் பார்த்த சென்னம்மாளிடம், "நல்லா இல்ல. ஆனா அங்கயே இருக்கறேங்குது" என்று மட்டும் சொன்னான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக ஒவ்வொரு மூடியாகத் திறந்தார்கள். பெட்டிக்கு முப்பது. ஒவ்வொன்றும் ஸ்ஸ் என்று மூச்சு இழுத்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தியது. அத்தனை பாட்டிலும் ஒரே சாயங்காலத்தில் இழுத்த இழுப்பில் அதியமான்கோட்டையில் அரைமணி நேரம் காற்றே இல்லை. புளியமரத்தில் ஒரு இலை அசையவில்லை. கிருஷ்ணப்பன் அடுப்பு அணைந்துவிட்டது. காற்றடிக்க வந்து நின்ற ஒரு லாரிக்காரரை, "இப்ப இல்லீங்க, கொஞ்சம் பொறுத்து வாங்க" என்று மாரப்பன் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

சூடத்தை இதுவரை யாரும் வாங்கி வரவில்லை, ஆகையால் இதையும் சொல்லிவிடலாம்: சுசித்ரா கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில்தான் வைத்தார்கள். பாட்டில் ஒன்றுகூட வாங்கவில்லை.